மலைக்கு ரெட் அலர்ட், அடிவாரத்தில் லாட்ஜ்

நம்மூரில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. நான் சொல்லப்போவது ரூம் விடுகிற லாட்ஜைப் பற்றி. மேட்டுப்பாளையம் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் 14 ரூம். மாமனார் உருளைக்கிழங்கு மண்டியில் சம்பாதித்துக் கட்டியது, 11 வருஷமாக நான் பார்த்துக்கொள்கிறேன். ஊட்டிக்குப் போகிறவர்கள் ராத்திரி வந்து தங்கி, காலை 7.10 மலை ரயிலைப் பிடிப்பார்கள். பொழப்பே அதுதான். அதனால் நீலகிரிக்கு மழை எச்சரிக்கை என்று டிவியில் ஓடினால், இங்கே சுள்ளென்று வெயில் அடித்தாலும் என் ரூம் சாவியெல்லாம் ஆணியில்தான் தொங்கும்.

இதே மாதிரி அடிவாரத்தில் லாட்ஜ் எடுத்து நடத்தப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எச்சரிக்கையை முழுதாகப் படியுங்கள். 'கனமழை' என்றால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., 'மிக கனமழை' 12 முதல் 20, அதற்கு மேல் போனால் 'அதி கனமழை'. ரெட் அலர்ட் பெரும்பாலும் இந்தக் கடைசிக்குத்தான். எந்த மாவட்டம், எந்தத் தேதி என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் போன வருஷத்து மண்சரிவு வீடியோ இந்த வருஷமும் சுற்றும், அதை நம்பி நீங்களும் நாலு பேருக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்தது, விருந்தினர் நம்மைக் கேட்பதற்கு முன்னால் நாம் அவர்களைக் கூப்பிட வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2025 மே 25, 26 இரண்டு நாளும் நீலகிரிக்கும் கோவைக்கும் ரெட் அலர்ட். 25-ம் தேதி சீசன் ஞாயிறு. அலர்ட் குறைந்துவிடும், எதற்கு நாமே புக்கிங்கைக் கெடுத்துக்கொள்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. கால் வீங்கிப்போன பெரியம்மா ஒருவர், தூங்கி வழிகிற இரண்டு பிள்ளைகள். ஊட்டியில் பார்க்கிற இடமெல்லாம் மூடியிருக்கிறது என்பதே என் கவுண்டரில் வைத்துத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்தப் பெரியம்மா சத்தம் போடவில்லை. "நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தாயி" என்றார். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போதெல்லாம் அலர்ட் வந்த ஒரு மணி நேரத்துக்குள் போன் எடுத்துவிடுவேன். சொல்வது இவ்வளவுதான்: "ஏனுங்க, மேட்டுப்பாளையம் லாட்ஜிலிருந்து பேசறனுங்க. நாளைக்கு மலைக்கு ரெட் அலர்ட் போட்டிருக்குதுங்க. ரயில் ஓடுமான்னு காலைலதான் தெரியுமுங்க. வர்றதுன்னா ரூம் இருக்குது. தேதி மாத்தறதுன்னா மாத்திக்கலாம். வேண்டாம்னா பணத்தை இப்பவே போட்டுவிட்டறனுங்க." வேண்டாம் என்றால் பேசி முடித்த கையோடு ஜிபேயில் அனுப்பிவிடுவேன். நாளைக்கு என்று தள்ளினால் அந்தப் பணம் மாவுக்கும் பாலுக்கும் போய்விடும், எனக்கு என்னைத் தெரியும். பாதிப்பேருக்கு மேல் தேதி மாற்றித்தான் கேட்கிறார்கள். "ஒண்ணும் ஆகாது, வாங்க" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவே கூடாது. மலை நம் பேச்சைக் கேட்காது.

ஆன்லைன் புக்கிங் வேறு கதை. நாமாக ரத்து செய்தால் நம் லாட்ஜின் பெயர் பட்டியலில் கீழே போய்விடும். ஒரு கம்பெனி, ரத்தான புக்கிங்குக்கும் என்னிடம் கமிஷன் பிடித்துக்கொண்டு, திருப்பித் தர மூன்று வாரம் இழுத்தடித்தது. இப்போது அலர்ட் அறிவிப்பைப் படம் எடுத்து முதலில் அவர்களுக்கு மெயில் போட்டுவிட்டுத்தான் விருந்தினரைக் கூப்பிடுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் என்றால் லாட்ஜ் லெட்டர்பேடில் தேதி, ரயில் ரத்தான விவரம் எழுதி, சீல் வைத்துக் கொடுங்கள். இன்சூரன்ஸில் கேட்கிறார்களாம்.

சரி, அலர்ட் அன்று காலை. நாலரைக்கே எழுந்துவிடுவேன். மண்டிக்குக் கேரட் மூட்டையோடு இறங்கி வரும் லாரி டிரைவர்களைக் கேட்டால் ரோட்டின் நிலவரம் தெரிந்துவிடும், எந்த ஆப்பும் அவ்வளவு சரியாகச் சொல்லாது. குன்னூர் ரோட்டில் பர்லியாரில் பழக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு ஒரு போன். ஸ்டேஷனுக்கு ரூம் பையனை சைக்கிளில் அனுப்புவேன். வந்த சேதியைக் கவுண்டர் பக்கத்துக் கரும்பலகையில் எழுதிவிடுவேன்: குன்னூர் ரோடு, கோத்தகிரி ரோடு, ரயில், ஆறு. பக்கத்தில் எழுதிய நேரமும் இருக்க வேண்டும். ஆறு மணிச் சேதி ஒன்பது மணிக்குப் பொய்யாகிவிடும்.

ஊட்டிக்கு இங்கிருந்து ஏறும் இரண்டு ரோட்டில் ஒன்று அடைபட்டால் இரண்டும் அடைபட்டதாக நினைக்கிறார்கள். குன்னூர் பாதையில் மரம் விழுந்து கிடக்கும்போது கோத்தகிரி வழியாக பஸ் ஓடிக்கொண்டிருக்கும். கீழேயிருந்து ரயில் ரத்தானாலும் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு சில நாள் ஓடும். 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழைய சொந்தக் காருக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும், அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. இதையெல்லாம் தெரிந்து சொன்னால் ரூமைக் காலி செய்து போகிறவர்கூட அடுத்த முறை நம்மிடம்தான் வருவார்.

ஆறு என்று ஏன் எழுதுகிறேன் என்றால், பவானி ஆற்றில் நமக்கு மேலே இருக்கும் பில்லூர் அணைக்கு மொத்தம் 100 அடி, 97 தொட்டாலே உபரித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். இங்கே சொட்டு மழை இருக்காது, பவானியில் தண்ணீர் மளமளவென்று ஏறும். ரயில் இல்லை என்றதும் பையன்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்புவார்கள். அவர்களை மட்டும் நான் வாசலிலேயே மறித்துவிடுவேன். திட்டுவார்கள், பரவாயில்லை.

மலையை மட்டும் நம்பினால் தாங்காது. 2009 நவம்பர் மழையில் மலை ரயில் பாதை சரிந்து மாதக்கணக்கில் வண்டி ஓடவில்லை. அப்போது லாட்ஜைக் காப்பாற்றியது கிழங்கு வியாபாரிகள்தான் என்று மாமா சொல்வார். மண்டிக்காரர்கள், வாழைத்தார் ஏலத்துக்கு வருகிறவர்கள், வனக்கல்லூரிக்குப் பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர், இவர்களுக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்தே கொடுங்கள். வனபத்ரகாளியம்மன் கோயில் குண்டம் (தீமிதி) ஆடியில், சரியாகத் தென்மேற்குப் பருவத்தில் வருகிறது. அம்மனைக் கும்பிட வருகிறவர்கள் அலர்ட்டெல்லாம் பார்ப்பதில்லை.

கடைசியாக, எச்சரிக்கை நாளில் மேலே போக ஆள் இல்லாவிட்டாலும் கீழே இறங்கி வருகிறவர்கள் உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு நனைந்துபோய் வேன் வேனாக வருவார்கள். வாடகையை ஏற்றாதீர்கள். ஹாலில் விரிக்கப் பத்துப் பாய், ஜெனரேட்டருக்கு இரண்டு கேன் டீசல், காய்ந்த துண்டு எப்போதும் இருக்கட்டும். சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்பு சாதம் போதும்: அரிசி நாலு பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய் தாளித்து ஒரே குண்டாவில். நெய் கேட்டால் ஊற்றுங்கள், கேட்காத குழந்தைகளுக்கும் ஊற்றுங்கள்.