வீட்டுத் தோட்டத்தில் டர்னிப்: விதையிலிருந்து கிழங்கு வரை

கோத்தகிரி மாதிரி குளிர்ந்த இடத்தில் இருந்தால் டர்னிப் நன்றாகவே வரும். சமவெளிக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துக் குளிர் முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும், ரகத்தில் பூசா ஸ்வேதி கிடைக்கிறதா பாருங்கள், கொஞ்சம் சூடு தாங்கும். மலையில் என் ஓட்டு பர்ப்பிள் டாப் ஒயிட் குளோபுக்குத்தான்.

நீலகிரி மண்ணுக்குப் புளிப்பு அதிகம். அப்படியே விட்டால் வேர் வீங்கி முடிச்சு முடிச்சாகிவிடும், அதனால் விதைப்பதற்குச் சில வாரம் முன்பே டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் பொடி) தூவிக் கொத்திவிடுங்கள்.

நாற்று விட்டுப் பிடுங்கி நடாதீர்கள், வேர் அடிபட்டால் கிழங்கு கோணலாகும். பாத்தியிலேயே ஓர் அடி இடைவெளியில் கோடு கிழித்து, கடுகு போன்ற அந்தச் சின்ன விதையை மணலோடு கலந்து 1 செ.மீ. ஆழத்தில் தூவி மூடி, பூவாளியால் தண்ணீர் விடுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும்.

இனிமேல்தான் பலருக்கும் மனசு வராத வேலை: செடி கலைப்பது. மூன்று நான்கு இலை வந்ததும், செடிக்குச் செடி 10 முதல் 15 செ.மீ. இருக்கும்படி மற்றதை எடுத்தே ஆக வேண்டும். 'பாவம், நன்றாகத்தானே இருக்கிறது' என்று விட்டால் பாத்தி நிறைய இலை இருக்கும், அடியில் விரல் தடிமனில் வால்தான் இருக்கும். கையால் பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும், களைக்கொத்து இன்னும் மோசம். நான் நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் மண்மட்டத்தில் வெட்டிவிடுவேன். வெட்டியதைக் கீரையாகப் பொரியல் செய்யலாம், லேசான காரத்தோடு அருமையாக இருக்கும்.

தண்ணீர் சீராக இருக்கட்டும். காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றினால் கிழங்கு வெடிக்கும். 45 நாளிலிருந்து தோண்டிப் பாருங்கள், 5 முதல் 7 செ.மீ. குறுக்களவு போதும், முற்றினால் நார்தான்.

பின்சேர்க்கை: இலையெல்லாம் பொடிப்பொடி ஓட்டை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தொட்டால் துள்ளும் சின்னக் கறுப்பு வண்டுதான் காரணம். விதைத்த அன்றைக்கே நெருக்கமான வலை போட்டு மூடுங்கள், வண்டு வந்தபின் மூடினால் உள்ளேயே விருந்து நடக்கும். கலைத்தும் கிழங்கு பிடிக்கவில்லை என்றவர்களுக்கு: நிழலா பாருங்கள், அப்புறம் யூரியாவை நிறுத்துங்கள்.