மதர்போர்டு மாற்றிய பிறகு உபுண்டு சர்வரில் நெட்வொர்க் வரவில்லையா?

புது மதர்போர்டு போட்டாச்சு, சர்வரும் ஆன் ஆகிறது, ஆனால் பிங் போகவில்லை. பூட் ஆகும்போதே நெட்வொர்க்குக்காக இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வந்திருக்கும். பதறி ஓஎஸ்ஸை மறுபடி போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிகளைத் திருத்தினால் போதும்.

உபுண்டு, நெட்வொர்க் கார்டு உட்கார்ந்திருக்கும் பிசிஐ பஸ் (போர்டில் கார்டுகள் இணையும் பாதை) எண்ணை வைத்துத்தான் பெரும்பாலும் அதற்குப் பெயர் வைக்கிறது. 'இஎன்பி3எஸ்0' என்றால் ஈதர்நெட், பஸ் எண் 3, ஸ்லாட் 0. போர்டு மாறியதும் இது 'இஎன்பி4எஸ்0' ஆகிவிடலாம். கார்டைத் தொடாமல், புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டோ என்விஎம்இ டிஸ்க்கோ செருகினால்கூட எண் நகர்ந்துவிடலாம். செட்டிங்ஸ் கோப்போ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

நெட்வொர்க் இல்லாததால் எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து லாகின் செய்யும் வழி) வேலை செய்யாது. மானிட்டரும் கீபோர்டும் நேரடியாக மாட்டுங்கள். லாகின் செய்து 'ஐபி லிங்க்' கட்டளையைக் கொடுங்கள். 'எல்ஓ' என்பதை விட்டுவிடுங்கள். அது சர்வர் தனக்குள்ளேயே பேசிக்கொள்ள. அடுத்து வருவதுதான் புதுப் பெயர். அதன் கீழே முக்காற்புள்ளிகளுடன் இருக்கும் 12 இலக்க மேக் முகவரியையும் (நெட்வொர்க் கார்டின் தனி அடையாள எண்) சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி நெட்பிளான், அதாவது உபுண்டுவில் நெட்வொர்க் செட்டிங்ஸைக் கவனிக்கும் கருவி. 'ஈடிசி' கோப்புறைக்குள் 'நெட்பிளான்' என்ற கோப்புறையில் யாமல் கோப்பு (செட்டிங்ஸ் எழுதும் ஒருவகை டெக்ஸ்ட் கோப்பு) ஒன்று இருக்கும். திருத்தும் முன் ஒரு நகல் எடுங்கள். அந்த நகலை உங்கள் ஹோம் கோப்புறையில் வையுங்கள். யாமல் என்ற பின்னொட்டோடு அங்கேயே விட்டால் நெட்பிளான் அதையும் சேர்த்துப் படித்துக் குழப்பிவிடும்.

கோப்பைத் திறந்து, 'ஈதர்நெட்ஸ்' வரிக்குக் கீழே இருக்கும் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரை எழுதுங்கள். 'மேட்ச்' என்ற பகுதியில் பழைய மேக் முகவரி இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஐபி, கேட்வே, டிஎன்எஸ் எதையும் தொடாதீர்கள். டேப் பட்டனை அழுத்தவே கூடாது. யாமலில் ஸ்பேஸ் மட்டும்தான்.

சேமித்துவிட்டு 'சூடோ நெட்பிளான் டிரை' கொடுங்கள். நேராக 'அப்ளை' போவதைவிட இதுதான் நல்லது. திரையில் 120 வினாடி எண்ணத் தொடங்கும். அதற்குள் இன்னொரு டெர்மினலில் பிங் செய்து பார்த்து, சரியாக இருந்தால் என்டர் தட்டுங்கள். தட்டாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

நெட் வந்துவிட்டது, ஆனால் ஐபி வேறாக இருக்கிறதா? ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் (ஒரு மேக்குக்கு எப்போதும் ஒரே ஐபி தரும் ஏற்பாடு) பழைய மேக்குக்குத்தான் கொடுத்திருக்கும். அங்கே பழைய மேக்கை எடுத்துவிட்டு, குறித்து வைத்த புது மேக்கைப் போடுங்கள். ஸ்டாட்டிக் ஐபி (சர்வரிலேயே நிலையாக எழுதிய ஐபி) என்றால், ரவுட்டரின் ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியல்) பழைய மேக் தங்கிவிட்டதால் கொஞ்ச நேரம் தொடர்பு கிடைக்காமல் போகலாம், தானாகச் சரியாகிவிடும்.

அப்புறம், ஃபயர்வால் விதிகளிலும் பழைய பெயர் ஒளிந்திருக்கலாம். 'ஈடிசி' முழுவதையும் 'கிரெப்' என்ற தேடல் கட்டளையைக் கொண்டு பழைய பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைக்கும் இடத்திலெல்லாம் புதுப் பெயரைப் போட்டு, ஒருமுறை ரீபூட் செய்து சோதியுங்கள்.