பைத்தான் டெஸ்க்டாப் ஆப்: ஒரே என்விரான்மென்டில் இரண்டு க்யூடி வேண்டாம்

நம்பை, சைபை, மேட்பிளாட்லிப் எல்லாம் வைத்து ஒரு டெஸ்க்டாப் ஆப் எழுதப் போகிறீர்கள், அல்லது ஸ்பைடர், நாபரி மாதிரி ஏற்கனவே இருக்கும் ஒன்றின் சோர்ஸ் கோடை எடுத்து நோண்டப் போகிறீர்கள் என்றால், லினக்ஸோடு வந்த பைத்தானில் கை வைக்காதீர்கள். டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் பிப்பே (பைத்தான் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் டூல்) அதில் எதையும் போட மறுத்துவிடும். மீறிப் போட ஒரு ஆப்ஷன் உண்டு. அதன் பெயரே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்', அப்புறம் நான் என்ன சொல்ல.

தனி என்விரான்மென்ட் போடுங்கள், அதாவது இந்த ஆப்புக்கென்றே ஒதுக்கிய பைத்தானும் லைப்ரரிகளும். வேண்டிய லைப்ரரிகளுக்கெல்லாம் வீல் (கம்பைல் செய்து தயாராக வரும் பேக்கேஜ்) கிடைக்கிறது என்றால் பைத்தானோடு வரும் வென்வ் போதும். ஜிடால் மாதிரி சி++ மூட்டை ஏதாவது உள்ளே வந்தால் மினிஃபோர்ஜ் (கோண்டா என்ற பேக்கேஜ் மேனேஜரின் இன்ஸ்டாலர்) போட்டு, கோண்டா-ஃபோர்ஜ் என்ற பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து எடுப்பதுதான் நிம்மதி.

எந்த வழியில் போனாலும் சரி, க்யூடி (ஆப்பின் விண்டோ, பட்டன் எல்லாவற்றையும் வரையும் லைப்ரரி) ஒரே இடத்திலிருந்துதான் வர வேண்டும். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: கோண்டாவில் பைக்யூடி (க்யூடியைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் லைப்ரரி) போட்டிருப்பார்கள், பிறகு பிப்பில் வேறு எதையோ போட, அது தன் பங்குக்கு இன்னொரு பைக்யூடியை இழுத்துக்கொண்டு வந்துவிடும், ஆப்பைத் திறந்தால் விண்டோ வராது, 'எக்ஸ்சிபி பிளாட்ஃபார்ம் ப்ளகினை லோட் செய்ய முடியவில்லை' என்று மட்டும் டெர்மினலில் வரும் (லினக்ஸில் க்யூடி விண்டோவைத் திரையில் காட்ட உதவும் ப்ளகின்தான் எக்ஸ்சிபி). படங்களைக் கையாளும் லைப்ரரியான ஓபன்சிவியின் சாதாரண லினக்ஸ் வீலும் தனக்கென்று ஒரு க்யூடியை உள்ளே வைத்திருக்கிறது. அதற்குப் பதிலாக விண்டோ காட்டும் பகுதி இல்லாத ஹெட்லெஸ் வீலைப் போடுங்கள். இரண்டாவது க்யூடி எதுவும் இல்லை, ஆனாலும் இதே எரர் என்றால், க்யூடி 6.5 முதல் லினக்ஸில் எக்ஸ்சிபி-கர்சர் லைப்ரரியும் தேவை, அது இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே தடுக்கிறது என்றே பிடிபடவில்லையா? க்யூடி டீபக் ப்ளகின்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 1 ஆக்கி ஓட்டினால், எந்த ஃபோல்டரில் எதைத் தேடியது என்று மொத்தத்தையும் கொட்டிவிடும்.

புதிதாக எழுதுபவர்கள் பைக்யூடியா, அதே வேலையைச் செய்யும் பைசைடா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். முதலாவது ஜிபிஎல் (ஆப்பைப் பிறருக்குக் கொடுத்தால் சோர்ஸ் கோடையும் கொடுக்கச் சொல்லும் லைசென்ஸ்) அல்லது காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸ், இரண்டாவது அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லிலும் கிடைக்கும்.

அடுத்து, உங்கள் ஆப்பையே எடிட்டபிளாக (சோர்ஸில் செய்யும் மாற்றம் உடனே எடுபடும்படி) இன்ஸ்டால் செய்யுங்கள், அதாவது பிப் இன்ஸ்டாலோடு மைனஸ் ஈ. கோண்டா என்விரான்மென்டாக இருந்தால் கூடவே மற்ற லைப்ரரிகளை இழுக்காதே என்று சொல்லும் 'நோ டெப்ஸ்' ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன அதே கதை திரும்பவும் நடக்கும்.

டெஸ்டுக்கு பைடெஸ்ட்-க்யூடி. திரை இல்லாத சர்வரில் ஓட்டும்போது க்யூடி க்யூபிஏ பிளாட்ஃபார்ம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை ஆஃப்ஸ்க்ரீன் என்று மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, ஐகானை க்ளிக் செய்து ஓட்டாமல் டெர்மினலிலிருந்தே ஓட்டுங்கள். பைக்யூடி 5.5 முதல், ஸ்லாட்டுக்குள் (பட்டன் க்ளிக் மாதிரி ஏதாவது நடந்தால் ஓடும் ஃபங்ஷன்) வரும் எக்செப்ஷனை நீங்கள் பிடிக்காவிட்டால் ஆப் மொத்தமும் அப்படியே செத்துவிடும். ட்ரேஸ்பேக் டெர்மினலில்தான் கிடக்கும். எழுதிக்கொண்டிருக்கும் காலத்துக்கு மட்டும் பிடிபடாத எக்செப்ஷன் வந்தால் பைத்தான் கூப்பிடும் எக்செப்ட்ஹூக்கில் உங்கள் ஃபங்ஷன் ஒன்றை மாட்டிவைத்தால் ஆப் சாகாது, எரரையும் படித்துக்கொள்ளலாம்.