பீகிள்போன் பிளாக் போர்டில் யுஏஆர்டி 2-க்கான பின்களை அமைத்தல்

பீகிள்போன் பிளாக் என்னும் ஒற்றைப் பலகைக் கணினியில் உள்ள ஏஎம்335எக்ஸ் சிப்பின் பெரும்பாலான பின்கள் பல வேலைகளுக்குப் பொதுவானவை. 0 முதல் 7 வரையிலான மோடுகளில் எது நடப்பில் இருக்க வேண்டும் என்பதை அந்தந்தப் பின்னுக்குரிய ரிஜிஸ்டர் (அமைப்பு மதிப்பை வைத்திருக்கும் சிப்பின் சிறு நினைவிடம்) முடிவு செய்கிறது. யுஏஆர்டி என்பது தரவைப் பிட் பிட்டாக அனுப்பி வாங்கும் தொடர் இணைப்பு. போர்டின் பி9 பின் வரிசையில் 21ஆம் பின்னைத் தரவு அனுப்பவும் 22ஆம் பின்னைத் தரவு பெறவும் பயன்படுத்தும் யுஏஆர்டி 2, இரண்டிலும் மோடு 1-இல் கிடைக்கும். இவை 3.3 வோல்ட் பின்கள் என்பதால் 5 வோல்ட் கருவியை நேரடியாக இணைக்கக் கூடாது.

சோதித்துப் பார்க்க 'கான்ஃபிக்-பின்' கட்டளை போதும். ஆனால் போர்டை மீண்டும் துவக்கினால் அந்த அமைப்பு அழிந்துவிடும். நிலையான வேலைக்கு டிவைஸ் ட்ரீ ஓவர்லே (போர்டின் வன்பொருள் அமைப்பைக் கர்னலுக்குச் சொல்லும் விவரத்தில் சேர்க்கும் கோப்பு) எழுதுவதையே நான் விரும்புகிறேன்.

ஓவர்லேயில் 22ஆம் பின்னுக்குரிய ரிஜிஸ்டரின் இடத்தைக் குறிக்கும்போது, சிப்பின் கையேடு பதினறும (16-ஐ அடிப்படையாகக் கொண்ட) எண் முறையில் 950 என்று சொல்வதை அப்படியே எழுதக் கூடாது. பின்களின் ரிஜிஸ்டர்கள் அடங்கிய பின்கண்ட்ரோல் பகுதியின் தொடக்கமே 800-இல் இருப்பதால் 150 என்றே எழுத வேண்டும். 21ஆம் பின்னுக்கு 154.

அடுத்து எழுத வேண்டிய மதிப்பில்தான் நான் ஒரு மாலை முழுவதையும் இழந்தேன். 22ஆம் பின்னுக்குப் பதினறும 11 கொடுத்திருந்தேன்; மோடு 1 சரி, புல்-அப்பும் (பின்னை உயர் மின்னழுத்த நிலைக்கு இழுத்து வைப்பது) சரி, போர்டிலிருந்து தரவு ஒழுங்காக வெளியேறியது, ஆனால் உள்ளே ஓர் எழுத்துகூட வரவில்லை. வயரையும் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே, உள்ளீட்டைத் திறக்கும் 5ஆம் பிட்டை நான் விட்டுவிட்டது தெரிந்தது. பிட்களை 0-இலிருந்து எண்ண வேண்டும்: முதல் மூன்றும் மோடு, 3 புல்லை முடக்குவது, 4 அதன் திசை, 5 உள்ளீடு. ஆகவே சரியான மதிப்பு 31. அனுப்பும் பின்னுக்கு உள்ளீடு தேவையில்லாததால் 01 போதும்.

ஓவர்லேயைத் தொகுத்து ஏற்றி, போர்டை மீண்டும் துவக்கியபின், கர்னலின் உள் நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ் கோப்பகத்தின் பின்கண்ட்ரோல் பகுதியில் உள்ள 'பின்ஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள். 84ஆம் பின்னுக்கு நேராக 31 இருந்தால் அமைப்பு ஏறிவிட்டது. எண் 84 எப்படி வந்தது என்றால், பதினறும 150-ஐ (பதின்ம முறையில் 336) நான்கால் வகுத்ததே அது.

பின்சேர்க்கை: நினைவக முகவரிகளை நேரடியாக அணுகும் டெவ்மெம் கருவியால் ரிஜிஸ்டரை நேரடியாக மாற்ற முயன்றும் மதிப்பு மாறவில்லை என்று சிலர் கேட்டிருந்தனர். அந்தக் கருவியால் ரிஜிஸ்டரைப் படிக்க முடியும், எழுத முடியாது. இந்த ரிஜிஸ்டர்கள் கர்னலின் உரிமை நிலையில் மட்டுமே எழுதுவதை ஏற்கின்றன, பிழைச் செய்தியும் வராது. இன்னொன்று: எஸ்பிஐ 0 (மற்றொரு வகைத் தொடர் இணைப்பு) ஏற்கெனவே இயக்கத்தில் இருந்தால் இதே இரு பின்களும் அதன் வசம் இருக்கும் என்பதால், முதலில் அதை நிறுத்துங்கள்.