அரசியல் பொருளாதாரம், நிதியியல் புலம் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசியல் பொருளாதாரத்தையும் நிதியியலையும் சேர்த்துக் கற்பிக்கும் புதிய புலத்துக்கான பாடத்திட்ட வரைவுகளைப் படித்தால், முன்பு தொடங்கியவர்கள் தடுக்கி விழுந்த இடங்களிலேயே புதியவர்களும் விழப்போவது தெரிகிறது. கட்டடம் தாமதமாவது, சேர்க்கை அறிவிப்பு பிந்துவது போன்றவை யாருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறோம்.

பெயர்ப்பலகையில் இணைப்பு, வகுப்பறையில் பிரிவு

புலத்துக்கு மிக அதிக இழப்பைத் தரும் தவறு இதுதான். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இது நடப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. பொருளியல் துறையிலிருந்து நான்கு தாள், வணிகவியல் துறையிலிருந்து நான்கு தாள், மேலே ஒரு பொதுப்பெயர். மாணவர் திங்கள்கிழமை ரிக்கார்டோ, மார்க்ஸ், கீன்ஸ் போன்ற பொருளியல் சிந்தனையாளர்களைப் படிக்கிறார், செவ்வாய்க்கிழமை கடன்பத்திர விலையைக் கணக்கிடுகிறார். இரண்டும் சந்திக்கிற இடம் அரசின் கணக்கும் வங்கியின் கணக்கும். அதைத் திறந்து காட்டும் தாள் பாடத்திட்டத்தில் இருப்பதில்லை.

இதனால் என்ன கெடுகிறது என்பதற்கு இந்திய உணவுக் கழகமே போதும். கழகம் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு நெல்லும் கோதுமையும் வாங்குகிறது. ரேஷனுக்கு மிகக் குறைந்த விலையில் கொடுத்துவந்தது; 2023 முதல் இலவசமாகவே கொடுக்கிறது. நடுவிலுள்ள பள்ளத்தை மத்திய அரசு மானியமாக நிரப்ப வேண்டும். 2016-17 முதல் அந்த மானியத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகத் தராமல், மக்கள் அஞ்சலகச் சிறுசேமிப்பில் போடும் பணம் சேரும் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்துக்குக் கடனாகக் கொடுத்தார்கள். கடன் கழகத்தின் ஏட்டில் ஏறியது. பட்ஜெட்டில் மானியம் சிறுத்தது. அரசு கடன் வாங்கி நிரப்பும் இடைவெளியான நிதிப்பற்றாக்குறையும் குறைவாகத் தெரிந்தது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். 2020-21க்கு உணவு மானியம் பட்ஜெட் மதிப்பீட்டில் சுமார் 1.15 லட்சம் கோடி ரூபாய்; திருத்திய மதிப்பீட்டில் சுமார் 4.22 லட்சம் கோடி. பற்றாக்குறை மதிப்பீடு ஜி.டி.பி.யில் 3.5 சதவீதத்திலிருந்து 9.5 சதவீதமானது. பெருந்தொற்றுக் காலத்து இலவச தானியமும் வருவாய்ச் சரிவும் அதில் உண்டு, பழைய கடனை அடைத்ததும் உண்டு.

இந்தப் பின்னணி தெரியாத மாணவர் பற்றாக்குறை எண்களை வரிசையாக எடுத்து வட்டி விகிதத்தோடு பொருத்திப் பார்த்தால், கணக்கு எழுதும் முறை மாறியதைக் கொள்கை மாற்றம் என்று அளந்துவிடுவார். நிதியியல் மட்டும் படித்தவர் கடனுக்கு விலை போடுவார். செலவைத் தள்ளிவைத்தது யார், ஏன் என்று கேட்கமாட்டார். அரசியல் மட்டும் படித்தவர் மானிய அரசியலை விரிவாக எழுதுவார். அது எந்த ஆவணத்தின் எந்த அட்டவணையில் இருக்கிறது என்று காட்டமாட்டார்.

2008 நவம்பரில் லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போன எலிசபெத் அரசி, அந்த ஆண்டின் உலக நிதி நெருக்கடி வருவதை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை என்று கேட்டார். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அகாடமி அவருக்கு அனுப்பிய கடிதத்தின் சாரம்: அவரவர் பகுதியை அவரவர் பார்த்தார்கள், முழு அமைப்பின் ஆபத்தைப் புரிந்துகொள்ளத் தவறினார்கள். துறைகளைப் பிரித்தே வைக்கும் பாடத்திட்டம் அதே பார்வையைத்தான் வளர்க்கிறது.

செய்ய வேண்டியது இது. முதல் செமஸ்டரில் எல்லோருக்கும் கட்டாயமாக 4 கிரெடிட் தாள் ஒன்று, வாரம் 4 மணி நேரம், 15 வாரம். முதல் 3 வாரம் இரட்டைப் பதிவு, அதாவது ஒவ்வொரு பரிமாற்றத்தையும் ஏட்டின் இரு பக்கமும் எழுதும் முறை: வங்கி கடன் கொடுக்கும்போதே கடன்தாரரின் கணக்கில் வைப்பு உருவாவதை மாணவர் தன் கையால் இரு பக்கமும் எழுத வேண்டும். அடுத்த 4 வாரம் ரிசர்வ் வங்கியின் சொத்தையும் பொறுப்புகளையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பு. 2019 ஆகஸ்டில் மத்திய அரசுக்குத் தர முடிவான 1,76,051 கோடியில் 52,637 கோடி எந்த ஒதுக்கீட்டைக் குறைத்ததால் கிடைத்தது என்று தேடச் சொல்லுங்கள். பிறகு 4 வாரம் மத்திய பட்ஜெட் ஆவணங்களும், தணிக்கைத் துறை வெளியிடும் மாநில நிதிக் கணக்குகளும்.

கடைசி 4 வாரத்துக்கு ஒரே வழக்கு: உதய் திட்டம். 2015 நவம்பரில் வந்த இந்தத் திட்டப்படி, மின் பகிர்மானக் கழகங்களுக்கு 2015 செப்டம்பர் 30 அன்று இருந்த கடனில் 75 சதவீதத்தை மாநில அரசுகள் ஏற்றன. தமிழ்நாடு 2017 ஜனவரியில் சேர்ந்தது. 100 ரூபாய்க் கடனில் 75 ரூபாய் கைமாறினால் மூன்று ஏடுகள் எப்படி மாறும் என்று எழுதவையுங்கள். மின் கழகத்தின் வங்கிக் கடன் 25 ஆகிறது. வங்கியின் ஏட்டில் திரும்பி வருமா என்று சந்தேகமான கடனுக்குப் பதில் மாநில அரசின் கடன்பத்திரம் வருகிறது. வங்கிக்குக் கிடைக்கும் வட்டி குறைகிறது, நட்டத்தைத் தாங்க அது வைத்திருக்க வேண்டிய மூலதனமும் குறைகிறது. மாநில அரசின் கடன் 75 கூடுகிறது. அதன்பின் அரசியல் கேள்விக்கு வாருங்கள்: தமிழ்நாட்டில் 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை மின்கட்டணம் உயர்த்தப்படாததன் செலவு எந்த ஏட்டில் தங்கியது? தேர்வில் கட்டுரை கேட்காதீர்கள். எண்களை அழித்த இருப்புநிலைக் குறிப்பைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள்.

இந்தத் தாளுக்கு இரண்டு ஆசிரியர்கள், இரண்டு பக்கத்திலிருந்தும். ஏழு வாரம் எனக்கு, எட்டு வாரம் உனக்கு என்று பங்கு போட்டால் பழைய பிரிவு திரும்பிவிடும். இருவரும் எல்லா வகுப்பிலும் இருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல், மற்றவர்களுக்கு 14. கூட்டு வகுப்பின் நேரத்தை ஆளுக்குப் பாதியாக எழுதினால் யாரும் முன்வரமாட்டார்கள். இருவருக்கும் முழு நேரமாக எழுத, தொடக்கத்திலேயே கல்விக் குழுவின் தீர்மானம் வாங்கிவிடுங்கள்.

துறை அனுபவமுள்ளவர்கள் மீது அடிப்படைத் தாளைச் சுமத்துவது

வங்கியிலும் கருவூலத்திலும் பணியாற்றியவர்கள் வகுப்புக்கு வந்தால் பெரும் பலம். ஆனால் யு.ஜி.சி.யின் 2022 வழிகாட்டுதல்படி இப்படி நியமிக்கப்படுவோர் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. சிறப்புக் காரணம் இருந்தால் மேலும் ஓராண்டு. வரம்பு முழு நிறுவனத்துக்கும் என்றாலும், அந்த விகிதத்தில் 12 பணியிடமுள்ள புலத்துக்கு ஒருவர்தான். அவர் போனதும் தாளும் போய்விடக்கூடாது என்றால் விருப்பப் பாடமும் ஆய்வேட்டு வழிகாட்டலும் கொடுங்கள்.

முதல் ஆண்டிலேயே விலையுயர்ந்த சந்தைத் தரவுத் திரைகள்

பங்கு, கடன்பத்திர விலைகளை உடனுக்குடன் காட்டும் இந்தக் கணினித் திரைகள் திறப்பு விழாப் படத்துக்கு நன்றாக இருக்கும். முதல் இரண்டு செமஸ்டருக்குத் தேவையான தரவு ரிசர்வ் வங்கியின் தளத்திலும், மாநில நிதி பற்றிய அதன் ஆண்டு ஆய்விலும், மத்திய அரசின் மாதாந்திரக் கணக்குகளிலும் இலவசமாகவே இருக்கிறது. பணம் இருந்தால் முதலில் நிறுவனங்களின் நிதிநிலை அறிக்கைத் தரவுக்குச் சந்தா கட்டுங்கள். அதைக் கையாளச் சொல்லித்தர ஒருவரையும் நியமியுங்கள்.

நிதி வரலாற்றை விருப்பப் பாடமாக்குவது

வேண்டாம். 1969ல் 14 வங்கிகள் ஏன் தேசியமயமாயின என்று தெரியாதவருக்கு இன்றைய வாராக்கடன் புரியாது.

தொடங்கிய ஆண்டிலேயே முனைவர் பட்டச் சேர்க்கை

பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 மாணவர்கள் என்பது உச்சவரம்பு. அதை இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் முதுகலை அணி ஆய்வேட்டை முடிக்கும்வரை பொறுங்கள்.