கட்டுரைத் தலைப்பில் தேடுசொல்லை அமைப்பது எப்படி? புதிய தமிழ்ப் பதிவர்களுக்கான செய்முறை விளக்கம்

கூகுளில் தேடி வரும் வாசகர் உங்கள் கட்டுரையைத் திறப்பதற்கு முன் பார்ப்பது அதன் தலைப்பையும் அதன் கீழே தெரியும் ஓரிரு வரிகளையும் மட்டுமே. கீவேர்ட் என்று பதிவர்கள் வழக்கமாகச் சொல்லும் தேடுசொல் அந்தத் தலைப்பில் இல்லையென்றால், உள்ளே எவ்வளவு நல்ல செய்தி இருந்தாலும் அவர் அடுத்த இணைப்புக்குப் போய்விடுவார். தமிழ்நாட்டில் நிலம் வாங்கியவர்கள் அடிக்கடி தேடும் பட்டா மாறுதலையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, இதற்கான படிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் படி: தேடுபவர் யார் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

பட்டா மாறுதல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதைத் தேடுபவர்கள் ஒரே வகையினர் அல்லர். முழு மனையையும் கிரயம் செய்து வாங்கியவருக்குப் பெயர் மாற்றம் மட்டுமே போதும். ஒரு சர்வே எண்ணில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியவருக்கு உட்பிரிவு தேவைப்படும். தந்தை இறந்தபின் நிலத்தைத் தம் பெயருக்கு மாற்ற நினைப்பவர் வாரிசுச் சான்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மூவருக்கும் பொதுவாக ஒரே தலைப்பு வைத்தால் மூவருமே அது தமக்கானதன்று என்று நினைத்துக் கடந்துபோக வாய்ப்பு உண்டு. எனவே, "மனை வாங்கிப் பத்திரம் பதிந்தவர், இணையவழியில் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்ற விரும்புகிறார்" என்பதுபோல ஒரு வரியை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

இரண்டாம் படி: மக்கள் தட்டச்சு செய்யும் சொற்களைத் திரட்டுங்கள்

உங்கள் பழைய தேடல்கள் குறுக்கிடாமல் இருக்க, உலாவியின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, கூகுளில் "பட்டா" என்று மட்டும் தட்டச்சு செய்து நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் பிறர் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருபவை. அவற்றை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு "பட்டா மா", "பட்டா பெ" என்று ஓரெழுத்தைச் சேர்த்துச் சேர்த்துப் பாருங்கள். இதையே ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதும் தங்கிலீஷிலும் செய்து பாருங்கள், ஏனெனில் கைப்பேசியில் தேடும் தமிழர்களில் பலர் இன்றும் அப்படித்தான் தட்டச்சு செய்கிறார்கள். முடிவுப் பக்கத்தின் நடுவிலும் அடியிலும் வரும் தொடர்புடைய கேள்விகளும் தேடல்களும் இதே பட்டியலில் சேர வேண்டியவை.

திரட்டிய சொற்களில் எதை முதன்மையாகக் கொள்வது என்பதற்கு, சொற்கள் தேடப்படும் அளவை ஒப்பிட்டுக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் என்ற தளம் உதவும். "பட்டா மாறுதல்", "பட்டா பெயர் மாற்றம்" ஆகிய இரண்டையும் இட்டு, இடத்தை இந்தியா என்றும் அதற்குள் தமிழ்நாடு என்றும் குறுக்கி ஒப்பிடுங்கள். அங்கே தெரியும் 0 முதல் 100 வரையிலான எண் தேடல்களின் எண்ணிக்கை அன்று. ஒன்றோடொன்று ஒப்பிட்ட அளவு மட்டுமே. வெளியில் விற்கப்படும் கீவேர்ட் கருவிகள் தமிழ்ச் சொற்களுக்குப் பெரும்பாலும் பூஜ்யத்தையே காட்டும் என்பதால், தொடக்கத்திலேயே அவற்றுக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து.

மூன்றாம் படி: தலைப்பை எழுதுங்கள்

புதியவர்கள் எழுதும் தலைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "உங்கள் நிலம் உண்மையில் உங்களுடையதா? அதிர்ச்சித் தகவல்!" இதில் பட்டா என்ற சொல்லே இல்லை. இன்னொரு சாரார் எதிர்முனைக்குச் சென்று, "பட்டா, பட்டா மாறுதல், பட்டா பெயர் மாற்றம், ஆன்லைன் பட்டா" என்று சொற்களை அடுக்கிவிடுவார்கள். அப்படித் திணிப்பதைத் தவிர்க்கும்படி கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது. முதன்மைத் தேடுசொல்லை முன்னால் வைத்து, வாசகருக்குக் கிடைக்கப்போவதைப் பின்னால் சொன்னால் போதும்: "பட்டா பெயர் மாற்றம்: ஆன்லைனில் விண்ணப்பிக்கும் முறை, தேவையான ஆவணங்கள்". ஆவணங்கள் என்று தலைப்பில் சொல்லிவிட்டால், கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று போன்றவற்றின் விவரம் கட்டுரைக்குள் இருந்தே ஆக வேண்டும்.

தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் இங்கே கூடுதல் கவனம் தேவை. "பட்டாவில் பெயரை மாற்றுவதற்கான" என்று எழுதும்போது தேடுசொல்லின் வடிவம் சிதைந்துவிடுகிறது. கூகுள் இத்தகைய வடிவங்களை ஓரளவு புரிந்துகொண்டாலும், கண்ணை ஓடவிடும் வாசகருக்கு உருபு ஏறாத வடிவமே சட்டென்று தெரியும். மேலே காட்டியதுபோல ஒரு முக்காற்புள்ளியை இட்டுச் சொல்லைத் தனியாக நிறுத்துவது எளிய வழி. கோயில், கோவில் என்றும் கறுப்பு, கருப்பு என்றும் இரு எழுத்துவழக்கு உள்ள சொற்களில் ஒன்றைத் தலைப்பிலும் மற்றொன்றைக் கட்டுரைக்குள்ளும் இயல்பாகப் பயன்படுத்தலாம்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலப் பதிவர்கள் சொல்லும் 60 எழுத்துக் கணக்கு நமக்குப் பொருந்தாது. தேடல் முடிவில் தலைப்பு வெட்டப்படுவது திரையில் அது பிடிக்கும் அகலத்தைப் பொறுத்தது. தமிழ் எழுத்துகளோ அகலமானவை. ஆகவே முதல் மூன்று நான்கு சொற்களுக்குள் பொருள் விளங்கிவிட வேண்டும். பிளாக்கரின் பழைய வார்ப்புருக்கள் (டெம்ப்ளேட்) சிலவற்றில் கட்டுரைத் தலைப்புக்கு முன்னால் வலைப்பதிவின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் வலைப்பதிவின் பெயர் கவித்துவமாக நீண்டிருந்தால் தேடுசொல்லுக்கு இடமே மிஞ்சாது. வேர்ட்பிரஸில் யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற செருகுநிரல்கள் (பிளகின்) மூலம் தேடலுக்கென்று தனித் தலைப்பைக் கொடுக்கலாம். ஆனால் அதுவும் பக்கத்தில் தெரியும் தலைப்பும் பெரிதும் வேறுபட்டால் கூகுள் தானாகவே ஒன்றை உருவாக்கிக் காட்டக்கூடும்.

கீவேர்ட்களை வரிசையாக நிரப்பும் மெட்டா கீவேர்ட் பெட்டி ஒன்றையும் சில வார்ப்புருக்களில் காண்பீர்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது. அதைக் காலியாக விடலாம்.

நான்காம் படி: முகவரியைச் சரிசெய்யுங்கள்

இணைய முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் சதவீதக் குறிகளோடு 9 இடங்களாக விரிகிறது. "பட்டா" என்பது நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறி (யூனிகோட்) என்ற கணினி எழுத்து முறையில் ஐந்து குறியீடுகள்: ப, ட, புள்ளி, ட, துணைக்கால். முகவரியிலோ 45 இடங்கள். "பட்டா மாறுதல்" என்றால், இடையில் வரும் சிறுகோட்டையும் சேர்த்து 109. வேர்ட்பிரஸ் 200 இடங்களுக்கு மேல் அனுமதிக்காததால், மூன்றாவதாக "விண்ணப்பிப்பது" என்று சேர்த்தால் அந்தச் சொல் பாதியில் அறுந்துவிடும். பிளாக்கரோ தமிழ்த் தலைப்பை முகவரிக்கு எடுத்துக்கொள்ளாமல், பிளாக் போஸ்ட் என்ற பொதுப்பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து வைத்துவிடும். இரண்டிலுமே, வெளியிடும் முன் நிரந்தர இணைப்புப் பகுதியில் தேடுசொல்லை ஆங்கில எழுத்துகளில், சிறுகோடிட்டு, நீங்களே தட்டச்சு செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பகிரும்போது இணைப்பு அலங்கோலமாகத் தெரியாமலிருக்கவும் இது உதவும். வெளியிட்டபின் முகவரியை மாற்றாதீர்கள்; பழைய இணைப்புகள் உடைந்துபோகக்கூடும்.

ஐந்தாம் படி: சர்ச் கன்சோலில் விளைவைப் பாருங்கள்

உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். கடந்த 16 மாதங்கள் வரையிலான தரவை அதில் பார்க்கலாம். கட்டுரை வெளியாகிச் சில வாரங்கள் கழித்து, செயல்திறன் அறிக்கையில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, எந்தெந்தத் தேடல்களுக்கு அது காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது என்பவற்றைப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே காட்டப்பட்டும் சொடுக்குகள் குறைவாக இருந்தால் தலைப்பை மாற்றிப் பார்க்கலாம். முப்பதாவது, நாற்பதாவது இடத்தில் இருக்கும் பக்கத்துக்குத் தலைப்பை மட்டும் மாற்றிப் பெரிய பயன் இருக்காது. அங்கே கட்டுரையின் உள்ளடக்கத்தையே செம்மைப்படுத்த வேண்டும். தலைப்பை மாற்றினால் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, மீண்டும் சில வாரங்கள் பொறுத்திருந்து, முன்பின் எண்களை ஒப்பிடுங்கள்.

நீங்கள் எதிர்பாராத தேடல்களும் அந்த அறிக்கையில் இருக்கும். பெயர் மாற்றக் கட்டுரைக்கு "அப்பா பெயரில் உள்ள பட்டா" என்று தேடியவர்கள் தொடர்ந்து வருகிறார்கள் என்றால், இருக்கும் தலைப்பில் அதையும் நுழைக்க முயலாமல், வாரிசு வழிப் பட்டா மாறுதலுக்குத் தனிக் கட்டுரை எழுதி, முதல் கட்டுரையின் தொடக்கத்திலேயே அதற்கு இணைப்புக் கொடுத்துவிடுங்கள்.