வீடு மாற்றியதில் பிளந்த பியானோ கால்

வீடு மாற்ற வந்த ஆட்கள் எங்கள் அப்ரைட் பியானோவை (கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை) தூக்காமல், அதன் சின்னச் சக்கரங்களிலேயே வாசற்படி தாண்டி இழுத்துவிட்டார்கள். முன்கால் அடிக்கட்டையோடு பிளந்து தொங்கியது.

எனக்குப் பயம் காலைப் பற்றி அல்ல. சுமார் 230 கம்பிகளின் இழுவிசை மொத்தம் 15 முதல் 20 டன் வரை இருக்கும். அதைத் தாங்குவது உள்ளே உள்ள வார்ப்பிரும்புச் சட்டம். அதில் விரிசல் என்றால் நான் கையே வைத்திருக்க மாட்டேன். கீழ்ப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

சரி என்று, நண்பர்கள் மூவரோடு சேர்ந்து முன்பக்கத்துக்கு மரக்கட்டை முட்டுக்கொடுத்தேன். காலில் பாரமே இருக்கக்கூடாது. அப்புறம் பழைய பசையைச் சுரண்டும் வேலை. அரை நாள் அதிலேயே போயிற்று. பழைய பசைமேல் பூசினால் புதுப் பசை மரத்தைப் பிடிக்காது. பிளவின் ஆழம் வரை மரப்பசை செலுத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கி, 24 மணி நேரம் தொடாமல் விட்டேன். பிறகு துளையிட்டு இரண்டு மர முளைகளைப் பசையோடு இறக்கினேன். ஆணி அடித்தால் போதும் என்றார் ஒரு நண்பர். அடித்திருந்தால் பிளவு இன்னும் விரிந்திருக்கும்!

சுதி சேர்க்க மட்டும் ஆளை அழைத்தேன், புது அறையின் ஈரப்பதத்துக்கு மரம் பழக மூன்று வாரம் விட்டு.